வாங்குவதற்கு முன் மோந்து பார்க்க

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. எல்லா வாசனையும் ஒத்துக்கொள்ளாது என்றில்லை. சில வாசனைகள் அறவே ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்பதை லேபிளைப் படித்துச் சொல்ல முடியாது. 'லாவெண்டர்' என்று எழுதிய இரண்டு சலவைத் திரவங்களில் ஒன்று இதமாக இருக்கும். இன்னொன்று, துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும்போதே நெற்றிப்பொட்டைப் பிடிக்கும். அதனால் சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கும் திரவம், மெழுகுவத்தி எதுவானாலும் கடையிலேயே மோந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். சீல் வைத்த குப்பியை நம்பி வாங்கி வந்து, திறந்த அன்றே வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி பலமுறை ஆகியிருக்கிறது.

விற்பவர் எடையைச் சொல்ல வேண்டும், காலாவதித் தேதியைச் சொல்ல வேண்டும். நிறம் முக்கியம் என்றால் உள்ளே தெரிகிற மாதிரி பொதி செய்கிறார்கள். துணி என்றால் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். வாசனைக்காகவே வாங்கப்படும் பொருளில் மட்டும் அந்த வாசனை பூட்டிக் கிடக்கிறது. லேபிளிலாவது தெரியுமா என்றால், பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நூறு வேதிப்பொருள்கள்கூட இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்ந்திருந்தால் பெயர் சொல்லி எழுத வைத்தது. 2023இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80க்கு மேல் நீட்டியிருக்கிறது. தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் 'லினலூல்', 'லிமொனீன்' என்று வாசித்து, அந்தக் குப்பி எப்படி மணக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டுபிடித்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த 400இல் எவையெவை, எவ்வளவு தூண்டப்படுகின்றன என்ற சேர்க்கைதான் ஒரு வாசனை. அதை எழுத்தில் கொடுக்க வழியில்லை. மூக்கிடம்தான் கொடுத்தாக வேண்டும்.

கடையில் ஷாம்பு அடுக்குக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய தேவை என்று புரியும். குப்பியை எடுக்கிறார்கள். பின்பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு. கட்டைவிரலால் மூடியை டக்கென்று நெம்பி, குப்பியின் வயிற்றை லேசாக அழுத்தி, வாய் வழியே வரும் காற்றை மூக்கருகில் பிடிக்கிறார்கள். அழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொள்ளும்; புறங்கையால் துடைத்துக்கொள்கிறார்கள். பிடித்துவிட்டது என்றால் மூடியை அழுத்தி, அந்தக் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பின் வரிசையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கூடையில் போடுகிறார்கள். முன்னால் நிற்கிற குப்பி நாள் முழுக்கத் திறந்து மூடப்பட்டு, வாயில் காய்ந்த பிசுக்கோடு அங்கேயே நிற்கும். அதை வாங்க ஆள் இருக்காது.

இப்படிச் செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மோந்து பார்த்து வாங்க நினைப்பதும் நியாயம், யாரும் திறக்காததைக் கேட்பதும் நியாயம். இரண்டையும் ஒருசேரக் கொடுக்க வேண்டியது பொதியின் வேலை.

சீல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 1982இல் சிகாகோ பகுதியில் டைலெனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடைக் கலந்து, ஏழு பேர் இறந்தார்கள். மருந்துக் குப்பியைத் திறந்தால் திறந்தது தெரிய வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் அந்த வருடமே வந்தது. வாய்க்கு அடியில் ஒட்டிய தகடு, மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம், இழுத்தால் கிழியும் பட்டை எல்லாம் அதற்கப்புறம் மருந்தைத் தாண்டி மற்ற பொருள்களுக்கும் பரவின. அந்தத் தகடு இருக்கட்டும். அதைக் கிழிக்காமல் மணத்தை மட்டும் வெளியே கொண்டுவர முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இங்கேதான் சிக்கல். வாசனை என்பது பொருளிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கிற ஒன்றல்ல. பொருளே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மூக்குக்கு வருகிறது. எவ்வளவு மோந்தோமோ அவ்வளவு குறைந்தது. அது வெளியேறுகிற வழியிலேயே காற்று உள்ளே வரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் பல வாசனைப் பொருள்கள் கெடும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணத்தில் பெரும்பங்கு லிமொனீன். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் மணம் மழுங்குவதோடு, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகவும் மாறும். ஆகவே பொதியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

ஓட்டை இல்லாமலேயே வாசனை போய்விடுவதும் உண்டு. பாலித்தீன் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. லிமொனீன் மாதிரியான எண்ணெய்ச் சரக்கு பாலித்தீனுக்குள்ளேயே ஊறிக்கொள்ளும். பழச்சாறு அட்டைப்பெட்டிகளின் உட்பூச்சு சாற்றின் மணத்தை இப்படி உறிஞ்சிக்கொள்வது அந்தத் துறையில் எல்லோரும் அறிந்த தொல்லை. அலுமினியத் தகடு அநேகமாக எதையும் விடாது. நல்ல பொதி எது என்று கேட்டால் பொறியாளர் அலுமினியத்தைக் காட்டுவார், அது சரிதான். ஆனால் அந்த நல்ல பொதிக்கு வெளியே நிற்கிற எனக்கு உள்ளே இருப்பது காப்பியா மரத்தூளா என்றுகூடத் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது காப்பிப் பை, அதுவும் வேறு ஒரு காரணத்துக்காக. வறுத்த காப்பிக்கொட்டை சும்மா இருக்காது. வறுக்கும்போது உள்ளே உண்டான கரியமில வாயு பல நாட்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு கிலோவுக்குச் சில லிட்டர் தேறும். உடனே பையில் போட்டு இறுக மூடினால் பை உப்பி வெடிக்கும். வெடிக்காமல் இருக்க, வாயு அடங்கும் வரை கொட்டையைத் திறந்து வைத்திருந்தால் மணம் போய்விடும். 1960களில் இத்தாலியைச் சேர்ந்த லூயிஜி கொலியோ ஒருவழி வால்வைக் கொண்டுவந்தார். பையின் மேல்பகுதியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதில் குண்டூசித் துளைகள். எத்தனையோ பேர் அதைக் கவனித்திருப்பார்கள், ஆனால் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். காலிப் பையிலிருந்து கத்தரித்து எடுத்து நெம்பினால், உள்ளே மெல்லிய ரப்பர் வில்லை ஒன்று இருக்கும். அதன் அடியில் சிலிகோன் எண்ணெய் தடவி வழவழவென்று இருக்கும். பைக்குள் அழுத்தம் கூடினால் வில்லை ஒரு மயிரிழை எழும்பி வாயுவை விடும். அழுத்தம் இறங்கியதும் எண்ணெய்ப் படலம் வில்லையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். வெளிக்காற்று உள்ளே வராது.

பையை வெடிக்காமல் காக்க வந்த வால்வை, வாங்குகிறவர்கள் மூக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். பையை இரு கையாலும் பிடித்து மெல்ல அமுக்கினால் வால்வு வழியே சூடில்லாத, அடர்த்தியான மணம் ஒரு மூச்சு வரும். கையை எடுத்தால் பை பழையபடி உப்பாது, அமுங்கியே இருக்கும். உள்ளே காற்று போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த மணம் நடிப்பதில்லை. கொட்டை புதிதாக இருந்தால் புதிய மணம். பழசாகியிருந்தால் வாயு ஓய்ந்து, அமுக்கினாலும் சரியாக எதுவும் வராது. வந்தாலும் சுள்ளென்று இல்லாமல் பழைய எண்ணெய் மாதிரி வரும். அச்சடித்த எந்த வாக்கியமும் இவ்வளவு நேர்மையாக இருந்து நான் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. ஒரே பையைப் பலர் அமுக்கினால், உள்ளிருந்த மணம் நிறைந்த காற்று தீர்ந்துவிடும். அப்புறம் வருகிறவர் ஒன்றும் வரவில்லையே, பழசு போல என்று நினைத்து வைத்துவிட்டுப் போவார். அதோடு வாயுவைத் தானாக வெளிவிடும் பொருளுக்குத்தான் இந்த ஏற்பாடு முழுமையாகப் பொருந்தும். சோப்புக்கட்டியோ மெழுகுவத்தியோ உள்ளிருந்து தள்ளாது.

மற்றவற்றுக்கு வந்தது சுரண்டி மோந்து பார்க்கும் ஸ்டிக்கர். இதன் முன்னோடி கார்பன் தாள் இல்லாமல் நகல் எடுக்கும் காகிதம். 1950களில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீனும் லோவல் ஷ்லைக்கரும் சாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களில் அடைத்துக் காகிதத்தில் பூசினார்கள். பேனா அழுத்துகிற இடத்தில் குமிழ் உடைந்து எழுத்து அடித்தாளில் விழுந்தது. சாயத்துக்குப் பதில் வாசனை எண்ணெயை வைத்தால்? அதை 1960களில் த்ரீ எம் நிறுவனத்தின் வேதியியலாளர் கேல் மாட்சன் செய்துகாட்டினார். எண்ணெயைத் தண்ணீரில் துளித்துளியாக உடைத்து, ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஜெலட்டின் அல்லது பிளாஸ்டிக் தோல் படியச் செய்வார்கள். அந்தக் குழம்பை மை மாதிரி அச்சடிக்கலாம். நகத்தால் சுரண்டினால் அந்த இடத்துக் குமிழ்கள் மட்டும் உடையும். மற்றவை வருடக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். பொதியின் சீலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பொருள் பத்திரமாக உள்ளே, வாசனை வெளியே.

கெட்டிக்காரத்தனமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஸ்டிக்கரில் இருப்பது பொருளின் மணம் அல்ல, அதன் நகல். குமிழுக்குள் அடைய எண்ணெய்த் தன்மை வேண்டும். தண்ணீரில் கரைகிற பொருள்கள் எளிதில் அடைபடாது. ஆகவே அசல் கலவையைச் சுருக்கி, அடைபடக்கூடியதாக மாற்றித்தான் வைக்கிறார்கள். சோப்புக்கென்று ஒரு அடிமணம் உண்டு, சலவைத் திரவத்துக்கும் உண்டு. வாசனை எண்ணெய் அதோடு சேர்ந்துதான் கடைசி மணம் உருவாகிறது. ஸ்டிக்கரில் அந்த அடிமணம் இருக்காது. என் தலைக்கு ஆகாதது பெரும்பாலும் அந்தச் சேர்க்கைதான். ஸ்டிக்கரைச் சுரண்டி, சரி இது ஒன்றும் செய்யாது என்று முடிவு செய்து வாங்கி, வீட்டில் வாளியில் ஊற்றிய உடனே கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டியிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

நகலையாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட உறுத்துவது வேறொன்று. உடனடிக் காப்பித் தூள் ஜாடியைத் திறந்ததும் குபீரென்று ஒரு மணம் வருமே, அது பல நேரங்களில் தூளின் மணம் அல்ல. காய்ச்சி உலர்த்தும்போது போய்விட்ட மணத்தைத் தனியாகப் பிடித்து, அல்லது காப்பி எண்ணெயில் ஏற்றி, ஜாடியின் மேல் வெற்றிடத்தில் திரும்பச் சேர்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். முதல் தடவை திறக்கும்போது அது வரும். சில நாட்களில் போய்விடும். மூடியின் பிளாஸ்டிக்கிலேயே வாசனையைக் கலந்து வார்க்கும் முறையும் இருக்கிறது. பொருளில் இல்லாததைப் பொதி மணக்கச் செய்தால், அது மோந்து பார்க்கக் கொடுத்த வாய்ப்பு ஆகாது. கண்ணை ஏமாற்றும் படம் அச்சிட்டால் கேள்வி கேட்கிறோம். மூக்கை ஏமாற்றினால் பேச்சு மூச்சில்லை.

காகிதம் சுற்றிய சோப்பு இந்த விஷயத்தில் வெகுளி. காகிதமும் அட்டையும் வாசனையைத் தாராளமாக விடும். அட்டைப்பெட்டியின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனால் போதும், திறக்க வேண்டியதில்லை, அசல் மணமே வரும். முன்பெல்லாம் இதைத்தான் நான் சரியான விடை என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தாராளம் எல்லோருக்கும் நல்லதில்லை. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைத் தேநீர் தயாரிப்பதே அந்தக் குணத்தை நம்பித்தான். சோப்புக்குப் பக்கத்தில் வைத்த தேயிலை சோப்பாக மணக்கும். தேயிலையின் கதை இப்படி என்றால், ஆஸ்துமா உள்ளவர்கள், என்னைப் போலத் தலைவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் அந்த அடுக்கு வழியாக எப்படி நடப்பது? சில கடைகளில் சலவைப் பொருள் வரிசையை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிறேன். நூறு பொதிகள் ஒரே நேரத்தில் கசிந்தால் எதையும் தனியாக மோந்து பார்க்கவும் முடியாது. மூக்கு சில நிமிடங்களில் களைத்து, எல்லாம் ஒன்றாகிவிடும். வாசனைத் திரவியக் கடைகளில் மூக்கைத் தெளிவிக்க என்று காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, அது வெறும் காற்றைவிட ஒன்றும் மேல் இல்லை என்று கண்டது. கொஞ்சம் வெளியே போய் நின்று வருவதே போதும்.

1980களில் பத்திரிகைகளுக்குள் செண்ட் தடவிய மடிப்புத் தாள்கள் வர ஆரம்பித்தபோது இதே தகராறு எழுந்தது. மடிப்பைப் பிரித்தால் குமிழ் உடைந்து மணக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரிக்காமலே சில தாள்கள் மணந்து, இதழ் முழுக்க வாசனை ஏறியது. படிப்பவர்கள் புகார் செய்தார்கள். 1990இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது: பெறுபவர் விரும்பாமல் வாசனை அவர்மேல் படாதபடி மூடி அனுப்பாத செண்ட் மாதிரிகளைத் தபாலில் அனுப்பக் கூடாது. அந்தச் சட்டத்தின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்டால் மணக்க வேண்டும், கேட்காதபோது சும்மா இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசல் பொருளையே மோந்தாலும் அது பாதித் தகவல்தான். மூடியைத் திறந்ததும் முதலில் வருவது லேசான, சீக்கிரம் பறக்கிற மூலக்கூறுகள். எலுமிச்சை, புதினா வகையறா. அவை மேல் வெற்றிடத்தில் ஏற்கெனவே சேர்ந்து நிற்கும். கனமானவை, வெனிலா, கஸ்தூரி மாதிரியானவை, பின்னால்தான் வரும், நாள்கணக்கில் துணியில் தங்குவதும் அவைதான். மெழுகுவத்தி எரியாதபோது ஒரு மணம், எரியும்போது இன்னொன்று. சலவைத் திரவம் குப்பியில் ஒன்று, ஈரத்துணியில் ஒன்று, காய்ந்த துணியில் ஒன்று. எனக்குத் தலைவலி தருவது அந்தக் கடைசி ஒன்று. கடையில் மோந்து பார்க்கும் அந்த ஒரு நொடிக்கு அது அகப்படாது. காய்ந்த துணித்துண்டு ஒன்றை, அந்தத் திரவத்தில் துவைத்து, சிறு டப்பாவில் மூடி அடுக்கில் வைத்தால்? செலவு மிகக் குறைவு. எங்கும் நான் பார்த்ததில்லை.

உண்மையில், பல பொருள்களுக்குப் பொதியில் எந்தக் கைவேலையும் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு குப்பியிலும் ஸ்டிக்கர், துளை, பஞ்சு என்று சேர்ப்பதைவிட, ஒரு வகைக்கு ஒரு திறந்த மாதிரிக் குப்பியை அடுக்கில் வைத்துவிட்டால் குப்பையும் குறையும், முன் வரிசைக் குப்பியும் பாழாகாது. ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் திறந்து மூடப்பட்ட மாதிரியில் லேசான மணம் எல்லாம் போய், மிச்சம் ஆக்சிஜன் பட்டுத் திரிந்திருக்கும். அதை மோந்து பார்த்து நல்ல பொருளை வேண்டாம் என்று வைத்தவர்கள் எத்தனை பேரோ. திறந்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். குறிப்பிட்ட நாளில் மாற்ற வேண்டும். தெளிப்பான் வகையையும் பொடியையும் நேரடியாக மூக்கில் வைக்கக் கூடாது என்பதால் அவற்றுக்குக் காகிதப் பட்டை தர வேண்டும். மாதிரிக்கு இடமில்லாத சின்னக் கடைக்கும், தபாலில் வாங்குகிறவருக்கும்தான் பொதியே வழி செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வழி இப்போது மாறப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்த தடையில், வாசனையை அடைக்கும் பிளாஸ்டிக் குமிழ்களும் அடங்கும். அவற்றுக்கு 2029 அக்டோபர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குமிழ்கள் பெருமளவில் போவது சலவைத் திரவங்களுக்குள். துணியில் ஒட்டி, உரசும்போது உடைந்து மணப்பவை அவை. மக்கக்கூடிய தோல்களைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது; ஸ்டிக்கர் செய்பவர்களும் அதே குமிழ்த் தொழிலை நம்பியிருப்பவர்கள்தான். ஆகவே எதை எப்படி மோந்து பார்க்கக் கொடுப்பது என்று திரும்ப யோசிக்க இதுவே நல்ல நேரம்.

யோசிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. மோந்து பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி அச்சிடுங்கள்: இங்கே மணப்பது உள்ளே இருக்கும் பொருளா, தனியாகத் தயாரித்த மாதிரியா. மாதிரி என்றால் அது நிரப்பிய தேதி. வால்வு வைத்த பை என்றால் கொட்டை வறுத்த தேதி. துணியில் தங்கும் பொருள் என்றால், காய்ந்தபின் எப்படி மணக்கும் என்று காட்டும் துண்டு ஒன்று, இறுக மூடிய சிறு டப்பாவில்.